மூலையில் நான் உட்கார்ந்திருந்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் மனோதத்துவம் படித்து, கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். எண்ணூரில் எங்கள் குடியிருப்புக்கு மருமகளாக வந்த பெண்களின் மனக்கவலை பற்றிக் கட்டுரை எழுத, வீடு வீடாகக் கேள்வி கேட்கப் போனாள். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்புவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நானும் கூடப் போனேன். வாயே திறக்கவில்லை. அவள் கேட்பாள், நான் மூலையில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருப்பேன்.

தூக்கம் வருகிறதா, வீட்டில் யாரிடமாவது பயம் உண்டா என்று கேட்டாள். "எனக்கு இன்னாக்கா கொற, நல்லாத்தான் கீறேன்" என்றே எல்லாரும் சொன்னார்கள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். அச்சில் போடுவதற்கு முன்னால், அதே படிப்புப் படித்த இரண்டு பேர் தங்கள் பெயரைச் சொல்லாமல் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம். ஒருவர் கேட்டிருந்தார்: தனியாக வைத்துக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அறையில் வேறு யாருமே இல்லையா?

மகள் சிரித்தாள். "யாரும் இல்லியேம்மா. நீதான் இருந்த. உன்ன யாரு கணக்குல சேர்த்தா?"

எனக்கு என்னவோ போலிருந்தது. மொட்டைமாடியில் பக்கத்து வீட்டு மருமகள் துணியில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலை உதறிக்கொண்டிருந்தபோது, தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அன்னிக்கு நீ சொன்னதெல்லாம் நெசந்தானா?"

"உன்ன எதுர்ல வச்சிகினு இன்னாத்த சொல்றது ஆயா? சாயந்தரமானா நீயும் என் மாமியாவும் ஒண்ணா குந்திகினு மீன் ஆயுறீங்க. எனுக்குத் தூக்கமே இல்லன்னு சொன்னா, கொழம்பு கொதிக்கறதுக்குள்ள மாமியா காதுக்குப் பூடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அப்படிச் சொல்கிறவள் இல்லையென்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவளுக்கு அது எப்படித் தெரியும்? பேசாமல் இருந்தால் இல்லாத மாதிரிதான் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் தெருவையே பார்க்காத ஒருவர் கேட்கிறார், எனக்கு அது தோன்றவில்லையே. அவள் துணியை மடித்துக்கொண்டு இறங்கிப் போகும்வரை வெட்கத்தோடு மாடியிலேயே நின்றேன்.

மகளிடம் சொன்னேன். "இத்தினி நாள் வேலையும் போச்சேம்மா" என்றாள், அவ்வளவுதான். பத்திரிகைக்கு உள்ளதை எழுதி, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இப்போது மறுபடியும் கேட்கப் போகிறாள், தனியாக. அவர்கள் என்ன சொல்கிறார்களென்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. திரும்பி வந்தால் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நான் மீனை எங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்து ஆய்ந்துகொள்கிறேன். வராந்தாவில் அந்தப் பெண்கள் எதிரே வந்தால் தலை நிமிர மாட்டேனென்கிறது.

இதிலும் தப்பு இருக்கும். யாராவது சரி பாருங்கள். அந்தப் பெண்களிடமே கேளுங்கள், நான் பக்கத்தில் இல்லாதபோது.