மருந்துக்கடை மாடியில் சனிக்கிழமைகள்

கல்யாணமாகித் தென்காசியில் குடித்தனம் வைத்த புதிதில், சனிக்கிழமை சாயங்காலமானால் என் கணவர் தபாலாபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிடுவார். முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, "கெளம்பு, நேரமாச்சு" என்பார். கோயிலுக்குப் பக்கத்திலிருந்த நாட்டு மருந்துக்கடைக்குப் போவோம். கடை மாடியில் வாராவாரம் கச்சேரி நடக்கும்.

சுக்கும் திப்பிலியும் மணக்கும் மரப்படியில் ஏறினால் மேலே ஒரு நீள அறை. தரையில் ஜமுக்காளம் விரித்திருக்கும். கொஞ்சம் கூட்டம் சேர்ந்தாலே முழங்காலோடு முழங்கால் இடிக்கும். மேடை, மைக் எதுவும் கிடையாது. பாடுகிறவர் தொண்டையைச் செருமினால் நமக்கும் செரும வேண்டும்போல இருக்கும். கடைக்கார அண்ணாச்சிக்குப் பாட வராது; ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியாது. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் அருவியில் குளிக்க வரும் வித்வான்களில் ஒருவரை எப்படியாவது பிடித்துவிடுவார். மற்ற மாதங்களில் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் ஆட்கள் பாடுவார்கள். ஒருமுறை பெரிய வித்வான் ஒருவர் ஆலாபனையில் மேலே போய் நின்றபோது ரயில் ஊதியது. அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். அந்த ஊதலின் சுருதியைத் தொட்டுவிட்டு இறங்கினார். நாங்களும் சிரித்துவிட்டோம். பெரிய சபாக்களில் அதெல்லாம் நடக்குமா, தெரியாது.

என் கணவர் முதல் கீர்த்தனை முடிவதற்குள் தூங்கிவிடுவார். தூணில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு அப்படியொரு தூக்கம். அண்ணாச்சியின் சிநேகிதத்துக்காக வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் பிறந்த வீட்டில் பாட்டுக் கற்றவள். பெண் பார்க்க வந்த அன்று என் கணவருடைய மாமா பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். அதனால் யாரும் என்னைப் பாடச் சொல்லவில்லை. அப்புறம் நானாகச் சொல்ல ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை நல்ல மழை. அன்றைக்குப் பாட வேண்டியவர் குற்றாலத்தில் தங்கியிருந்தார். காலையும் மாலையும் அருவியில் நின்றதில் தொண்டை அடியோடு கட்டிவிட்டதாம். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் மட்டும் குதிரை வண்டியில் நனைந்தபடி வந்து சேர்ந்தார்கள். அண்ணாச்சிக்கு முகம் வாடிப்போயிற்று. வயலினை மட்டும் வைத்து நடத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது தூணோரத்திலிருந்து என் கணவர் குரல் கேட்டது.

"எங்க வீட்ல பாடுவாக, அண்ணாச்சி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த பெண்கள் என் முதுகைத் தள்ளினார்கள். வயலின்காரர் சுருதி என்ன என்று கேட்டார். ஐந்து கட்டை என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. மோகனத்தில் ஒரு கீர்த்தனை எடுத்தேன். பல்லவி நடுங்கியது, அனுபல்லவியில் மூச்சு நிலைப்பட்டது, சரணத்துக்கு வந்ததும் வார்த்தை மறந்துபோயிற்று. வயலின்காரர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த வரியை வில்லில் எனக்கு முன்னால் போட்டார். அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு வார்த்தை திரும்பி வந்தது. முடித்துவிட்டுத் தூணைப் பார்த்தேன். அவரைக் காணவில்லை.

வாராவாரம் வரும் ஜவுளிக்கடை மரைக்காயர் ஒருவர், தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்பவர், கேள்வி ஞானம் நிறைந்தவர். "நல்லாருந்துச்சும்மா. அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் நிதானமாப் பாடுங்க" என்றார். அடுத்த தடவை என்று அவர் சொன்னதுதான் வெகு நேரம் காதில் நின்றது.

என் கணவர் வெளி வராந்தாவில் மழைச் சாரலில் நின்றிருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நான் தடுமாறியதைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார முடியவில்லையாம். ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தோம்.

"நான் பாடுவேன்னு எப்பம் தெரியும்?"

"கல்யாணமாகி வந்த மறுமாசமே. மாவாட்டுதப்பப் பாடுவேல்லா."

"பிறகு ஏன் கேக்கல?"

குடையை என் பக்கம் சாய்த்தார். "கேட்டா நிறுத்திருவியோன்னு பயமா இருந்துச்சு. இந்த மாடிக்கு வந்தா நீயா ஒருநாள் சொல்லுவன்னு பாத்தேன்."

தெருவில் ஓடிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வாரம் தொண்டை சரியாகி வந்த பாடகர், நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைப் பின்னால் உட்கார்த்தித் தம்புரா போடச் சொன்னார். கூடவே பாடவும் சொன்னார். அதிலிருந்து ஆள் வராத வாரமெல்லாம் என் வாரம் ஆயிற்று. மகள் பிறந்த பிறகும் போனோம். கடைக்குள் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே அண்ணாச்சி தொட்டில் கட்டிக் கொடுத்தார்.

பிறகு சேலத்துக்கு மாற்றல் வந்தது. புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை அண்ணாச்சி வேறு யாரையும் அழைக்கவில்லை. முழுக் கச்சேரியும் நான்தான் என்று சொல்லிவிட்டார். மரைக்காயர் சஹானா ராகம் கேட்டார். நிதானமாகவே பாடினேன். பாதியில் கீழே குழந்தை அழுதது. என் கணவர் எழுந்தார். அண்ணாச்சி அவரைக் கையமர்த்தி உட்காரவைத்துவிட்டுத் தானே படியிறங்கிப் போனார். தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. மிருதங்கக்காரர் சிரித்துக்கொண்டே வாசித்தார். நான் பாடிக்கொண்டிருந்தேன்.