முழங்கால் உயரத்தில் ஒரு தடை

பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாற்றுச் சட்டைகூட இல்லாமல் இந்த ஊருக்கு வந்து, அடுத்தவன் பட்டறையில் கண்ணைச் சுட்டுக்கொண்டு தொழில் பழகி, சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டேன். இன்று எந்தத் தெருவில் போனாலும் நான் செய்த கேட்டைத் திறந்துகொண்டுதான் யாராவது வெளியே வருவார்கள். எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, என் மருமகளைப் பற்றி. நடுநடுவே நானும் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் விளையாட்டு டீச்சர். தடை தாண்டும் ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் மைதானத்துத் தடைகளைப் பார்த்தேன். எல்லாம் உடைந்த பெஞ்சுக் கட்டைகள். மனம் பொறுக்காமல் இரும்புக் குழாயில் நானே ஒரு வரிசை செய்து கொடுத்தேன். போட்டியில் வைக்கிற அதே உயரம். கால் பட்டால் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். அவள் சுற்றிவந்து பார்த்தாள்.

"நல்லா இருக்கு மாமா. இதுல பாதி உயரத்துல கொஞ்சம் செஞ்சு தர முடியுமா?"

"ஏம்மா, நான் என்ன பொம்மைக் கடையா வச்சிருக்கேன்? தாண்டுறவன் ஓடட்டும். தாண்டாதவன் வீட்டுக்குப் போகட்டும்."

"வீட்டுக்குப் போனவங்கள்ல யாரு நல்லா ஓடியிருப்பாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

வாயாடி. நான் செய்து தரவில்லை. அவள் பழையபடி கட்டைகளை அடுக்கி, பிள்ளைகளை வலது காலில் ஒரு முறை, இடது காலில் ஒரு முறை என்று தாண்டவிட்டுக்கொண்டிருந்தாள்.

நெட்டையைக் கண்டுபிடித்தது நான்தான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். எங்கள் தெருத் தையல்காரரின் மூத்த மகள் அவள், நெட்டை என்பது பட்டப்பெயர். குழாய் பதிக்கத் தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். எல்லோரும் சுற்றிப் போக, அவள் தலையில் துணிமூட்டையோடு வேகம் குறையாமல் தாண்டிப் போனாள். அன்று மாலையே அப்பனையும் மகளையும் மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தி, "இந்தா, உனக்கு ஒரு சாம்பியன்" என்றேன்.

மருமகள் அவளை ஓடவிட்டுப் பார்த்தாள். "நல்ல பொண்ணு மாமா. சாம்பியனான்னு இப்போ தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நெட்டை ஜெயித்தாள். போன இடமெல்லாம் ஜெயித்தாள். பிறகு கிடுகிடுவென்று வளர்ந்தாள். வளர வளர, முன்பு சுலபமாகத் தாண்டிய தடைகளில் இடித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தது. மருமகள் தாண்டுவதையே நிறுத்திவிட்டு அவளை மெதுவாக நடக்கவும் நீட்டி மடக்கவும் விட்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரர் ஒருவர் வந்தார். விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைப் பொறுக்குகிறவர். நெட்டையின் கையை அளந்தார், காலை அளந்தார், நேரே தையல்கடைக்கே போய்விட்டார், மருமகளும் நானும் பின்னாலேயே போனோம்.

"இப்படி ஒரு உடம்பு லேசுல கிடைக்காது" என்றார்.

தையல்காரருக்கு முகமெல்லாம் பல். "மாசா மாசம் பேன்ட் மடிப்பைப் பிரிச்சு விடுறேன் சார்!"

"எனக்கு அதான் பயமா இருக்கு" என்றாள் மருமகள். "எலும்பு வளருற வேகத்துக்குத் தசை வளரலை. இப்போ போட்டு வாட்டினா முட்டி போயிரும். ஒரு வருஷம் எங்கிட்ட விடுங்க."

"இடம் ஒரு வருஷம் காத்திருக்காது மேடம். நாங்க பார்த்துக்குவோம்."

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "டீச்சர், இவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு பேரு. அங்க மூணு வேளையும் சாப்பாடு, படிப்பு. அடுத்த வருஷம் இவரு வரலைன்னா நீங்க தருவீங்களா?"

நான்தான் மருமகளிடம், "போகட்டும்மா, குறுக்க நிக்காத" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "மாமா, நல்ல இரும்பா இல்லையான்னு பார்த்ததுமே சொல்லிருவீங்க. சொன்னதும் அது கேட் ஆயிருமா?"

"வாய்க்கு வாய் பேசாத" என்றேன்.

நெட்டை விடுதிக்குப் போன புதிதில் பத்திரிகையில் அவள் படம் வந்தது. வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், நான் கண்டெடுத்த பெண் என்றேன். அப்புறம் பேச்சுமூச்சில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் தையல்கடையைத் தாண்டிப் போனபோது, நெட்டை ஸ்டூல்மேல் காலை நீட்டிக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கால் சரியில்லைன்னு அனுப்பிட்டாங்க அண்ணே" என்றார் தையல்காரர். "விடுதி சாருக்குப் போன் பண்ணேன். இந்த வருஷம் வேற ரெண்டு பிள்ளைங்க கிடைச்சிருக்காங்களாம்."

மருமகள் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வளர்த்தி நின்றதும் எலும்பு ஆறலாம் என்றார் டாக்டர். ஆனால் பயம் காலில் இல்லையே. மைதானத்துக்கு வந்தவள் என் இரும்புத் தடைகளைப் பார்த்ததும் வேலியோரமே நின்றுவிட்டாள். "வேணாம் மிஸ். பார்த்தாலே நடுங்குது."

அன்று சாப்பிடும்போது மருமகள் என்னை எதுவும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

காலையில் தையல்கடைக்குப் போனேன். "பிள்ளையோட முட்டி உயரம் வேணும்" என்றேன். தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மகள் முன்னால் குனிந்தார். புடைத்திருந்த இடத்தில் டேப் படாமல் பிடித்து அளந்தார். டேப்பில் அளவை விரலால் காட்டினார்.

பட்டறையில் பையன்கள் சிரித்தார்கள். "முதலாளி, நாய்க்குட்டி தாண்டவா?"

"குழாயைப் பிடிடா."

மாலையில் மற்றதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, நான் செய்த அந்தக் குட்டித் தடை ஒன்றை மட்டும் மருமகள் நடுவில் வைத்தாள். நெட்டை நடந்து வந்து காலைத் தூக்கினாள். பின்கால் இடித்துத் தடை சாய்ந்தது. அவள் அப்படியே உறைந்துபோனாள். மருமகள் எதுவும் நடக்காதது போல அதை நிமிர்த்தி, "இந்தத் தடவை அடுத்த காலை முதல்ல போடு" என்றாள்.

நெட்டை வெகுநேரம் நின்றாள். பிறகு போட்டாள். இந்தப் பக்கம் வந்துவிட்டாள். சிரிக்கவில்லை. திரும்பிப்போய் மறுபடி அதன் முன்னால் நின்றாள்.

மறுபடி ஓடுவாளா என்று என்னைக் கேட்காதீர்கள். மருமகளைக் கேட்டேன். "இப்போ தெரியாது மாமா" என்றாள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. அதே உயரத்தில் இன்னும் சில தடைகளுக்குக் குழாய் வெட்டியிருக்கிறேன். வெல்டிங் என்னுடையது, அதில் மட்டும் எவனும் குறை சொல்ல முடியாது.