அண்ணன் தென்சேரிப் பக்கம் நின்றது எப்படி

மட்டக்களப்புக்கு முதல் கோச்சி, அதாவது ரயில், வந்த வருஷம் எனக்கு முன்பல் விழுந்திருந்தது. கோச்சி பார்க்க ஊரே தோணியில் வாவியைக் கடந்து போனது. எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அண்ணன் போய் வந்து, அது எப்படிச் சத்தம் போட்டது என்று வாயால் செய்து காட்டினார். அதற்கு அடுத்த அறுவடை முடிந்த கையோடுதான் எங்கள் ஊருக்குப் பந்து வந்தது. அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும். இந்தக் கணக்கை முதலில் சொல்லி வைக்கிறேன். அண்ணனின் செத்த வீட்டில் இருந்தவர்கள் எது முன், எது பின் என்று தெரியாமல் பேசினதைக் கேட்டுக்கொண்டுதான் நான் ஒரு மூலையில் இருந்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, அண்ணனின் மூத்த மகள் எழுதுகிறாள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிற எல்லார் கையிலும் இந்த மலர் இருக்கும். அவர்களில் பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது. அதையும் எழுது என்றேன்.

"சித்தப்பா, நினைவு மலரில இப்பிடியெல்லாம் எழுதுறதா?"

"வேற எதில எழுதுற, புள்ள? கலியாண அழைப்பிலயா?"

எழுதிவிட்டாள்.

அண்ணனின் பிரேதம் முற்றத்தில் கிடந்தபோது தென்சேரி உதைபந்தாட்டக் கழகத்தார் வந்து தங்கள் கொடியைப் போர்த்தினார்கள். பிறவியிலேயே எங்கள் வீரர் என்று ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார். வடசேரிக் கழகத்திலிருந்து ஒருவரும் வளவுக்குள் கால் வைக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. "பொண்ணுக்காகச் சேரி மாறின மனிசன். அவர்ர செத்த வீட்டுக்கு நாம என்னத்துக்குகா உள்ளுக்குப் போற?" எனக்குக் கண்தான் மங்கல். காதுக்கு ஒன்றுமில்லை. நானும் வடசேரிக்காரன்தான். சாகும் வரைக்கும் வடசேரிதான். வேலிக்கு வெளியே சொன்னதும் பொய், முற்றத்தில் வாசித்ததும் பொய்.

அண்ணன் பிறந்தது கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே, வாவிக்கரையில், எங்கள் அம்மாவின் வளவில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்கள் கட்டிக்கொண்டு போய் இருக்கிறவர்கள். அந்த வீட்டுக்கு முதலில் வந்தவர் அண்ணனைப் பெற்றவர். அண்ணன் ஆறு மாதப் பிள்ளையாக இருக்கும்போது, கச்சான் காற்றில் தோணி கவிழ்ந்து அவர் வாவியோடு போனார். ஒரு வருஷம் கழித்து வந்தவர் என்னைப் பெற்றவர். அண்ணன் பேசப் பழகியபோது அப்பா என்று கூப்பிட்டது அவரைத்தான். ஊரில் மூத்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஒருவரும் மறைக்கவில்லை, ஒருவரும் பேசவுமில்லை.

பந்தைக் கொண்டுவந்தவர் வாய்க்கால் வேலையை மேற்பார்வை பார்க்க வந்த ஓவசியர் ஒருவர். அரிவி வெட்டின வயலில் அடித்தோம். நெல்லின் அடிக்கட்டை உள்ளங்காலைக் கிழிக்கும். ரத்தத்தோடு வீட்டுக்குப் போனால் அடியும் விழும். முதல் மூன்று கிழமை யாரும் யாரோடும் சேர்ந்து விளையாடினோம். அதுதான் நல்ல மூன்று கிழமை. பிறகு பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் நின்று கத்துவது என்று தெரியவில்லை. கோயில் வண்ணக்கர், அதாவது கண்ணகி அம்மன் கோயிலை நிர்வாகம் செய்தவர், தீர்த்து வைத்தார்.

"இதில யோசிக்க என்ன இரிக்கு? கொம்புக்கு எப்பிடியோ, பந்துக்கும் அப்பிடித்தான்."

கொம்புமுறி பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மழை தவறினால், நோய் வந்தால், அம்மனைக் குளிர்விக்க நடத்துகிற விளையாட்டு அது. வளைந்த மரக் கொம்பு இரண்டை ஒன்றோடொன்று மாட்டி, வடம் கட்டி, வடசேரியார் ஒரு பக்கமும் தென்சேரியார் ஒரு பக்கமும் இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கம் தோற்ற பக்கம். வென்றவர்கள் தோற்றவர்களின் தாய் தகப்பன் வரைக்கும் இழுத்துப் பாட்டுக் கட்டி ஏசுவார்கள். குடி தாய்வழியில் வரும், சேரி தகப்பன்வழியில் வரும். அதனால் ஒரே வீட்டில் புருஷன் ஒரு சேரி, பெண்சாதி ஒரு சேரி. பந்துக்கும் அதையே வைத்தார்கள். எங்கள் பக்கத்து வளவில் ஒரு பெண் இருந்தாள். அவள் தென்சேரி, புருஷனும் ஐந்து பிள்ளைகளும் வடசேரி. பந்தடி நாளில் தனக்கு மட்டும் ஒரு சுண்டு அரிசி போட்டு ஆக்கித் தின்றுவிட்டு வயலுக்கு வருவாள். "என்ட சோத்தத் திண்டுபோட்டு எனக்கு எதிராக் கத்துவானுகள்" என்பாள். அது அவளுடைய நியாயம்.

ஆகையால் எங்கள் ஊரில் யாரும் கழகத்தைத் தேர்ந்தெடுத்தது கிடையாது. தகப்பன் எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம். அண்ணன் என்னுடைய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வடசேரிப் பக்கம் போனார். எட்டு வருஷம் வடசேரிக்குப் பெக் விளையாடினார், கோலுக்கு முன்னால் நின்று எதிர்ப்பக்கத்தை மறிக்கிற இடம் அது. அவரைத் தாண்டிப் பந்து போனால் அன்றைக்கு ஊரில் அதுதான் பேச்சு. தென்சேரியார் அவரை வைத்தே தனியாக ஏச்சுப் பாட்டுக் கட்டினார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் அவரைத் தோளில் தூக்கி வந்து முற்றத்தில் இறக்குவார்கள். அந்த எட்டு வருஷமும் அவரைப் பெற்றவர் தென்சேரிக்காரர் என்று வடசேரியில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒன்பதாம் வருஷம் மழை தவறியது. கொம்பு இழுத்தார்கள். வடசேரிக் கொம்பு முறிந்தது. பிறகு காய்ச்சல் வந்து எங்கள் பக்கத்தில் மூன்று வீட்டில் பிள்ளைகள் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அழுதுகொண்டிருக்க, மற்றவர்கள் குற்றவாளியைத் தேடினார்கள். வடசேரி வடத்தில் தென்சேரிக் கை பட்டுவிட்டது, அதுதான் அம்மன் கோபம் என்று பேச்சு எழும்பியது. வண்ணக்கர் எங்கள் வீட்டாரைக் கோயில் வீதிக்குக் கூப்பிட்டார். எனக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது.

"தங்கச்சி, உன்ட மூத்தவன் ஆர்ர புள்ள?" என்று அம்மாவைக் கேட்டார்.

"என்ட புள்ள" என்றார் அம்மா.

"அது தெரியும். தகப்பனைக் கேக்கன்."

"இவன் பேசப் பழகின நாள் தொட்டு அப்பா எண்டு கூப்பிடுற ஆள் உங்களுக்குப் பக்கத்திலதான் நிக்கார். அவரைக் கேளுங்க."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். என் பிள்ளை என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்ணக்கரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்பா வடசேரி வடத்தின் தலைக்கயிறு பிடிக்கிறவர். அந்த இடம் போய்விடும் என்று பயந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாயைத் திறக்கவில்லை. அப்பா செத்தபோதும் ஒரு மலர் அடித்தோம். அதில் அவரை நேர்மையானவர் என்று போட்டோம். இதைப் போடவில்லை.

அண்ணன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து உதறினார். "சரி, இனி வடத்தில கை வெக்கமாட்டன்" என்றார். "பந்திலயும் வெக்காத" என்றார் வண்ணக்கர். "பந்தில கை வெச்சா அது பிழைதானே" என்று சொல்லிவிட்டு அண்ணன் நடந்தார். சிரிக்க வந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை.

இப்படித்தான் அவர் வடசேரியை விட்டது. விட்டார் என்று சொல்வதே தப்பு. நாங்கள்தான் துரத்திக் கலைத்தோம்.

அடுத்த நாளே அவர் கரடியனாற்றுப் பக்கம் மாடு பார்க்கப் போனார். ஒரு வருஷம் ஊர்ப்பக்கம் வரவில்லை. தென்சேரியார் ஆள் அனுப்பிக் கேட்டார்கள், வரமாட்டேன் என்றார். அவருடைய பெக் இடத்தை எனக்குத் தந்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன், அதையும் எழுது.

அடுத்த அறுவடை முடிந்து முதல் பந்தடி நாளில் அண்ணன் வந்தார். வயலுக்கு வடக்கு வரம்பு எங்களுக்கு, தெற்கு வரம்பு அவர்களுக்கு. அவர் இரண்டுக்கும் போகவில்லை. எங்கள் கோலுக்குப் பின்னால், நிழல் ஒன்றும் இல்லாத இடத்தில், தனியாக நின்றார். விளையாட்டுப் பார்க்க வந்த ஆள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து இளந்தாரிகள் அவருக்குக் களிமண் கட்டி எறிந்தார்கள். "போ, உன்ட அப்பன்ட பக்கம் போ" என்றார்கள். எறிந்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் வடசேரிக் கழகத்தின் தலைவராக இருந்தார். செத்த வீட்டன்று வேலிக்கு வெளியே நின்று பேசினது அவருடைய மகன். ஒரு கட்டி அண்ணனின் நெற்றியில் பட்டது. நான் அவருக்கு முன்னால் பதினைந்து அடியில் நின்று விளையாடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தெற்கு வரம்பிலிருந்து ஒரு பெண் வயலுக்குள் இறங்கினார். ஆட்டத்தின் நடுவே, பந்து உருண்டுகொண்டிருக்க, நேரே குறுக்காக நடந்து வந்தார். கையில் தண்ணீர்ச் செம்பு. அண்ணனைப் பெற்றவரின் மூத்த சகோதரி அவர், அண்ணனுக்கு மாமி. அதுவரைக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கு வராதவர்.

"மனே, இந்த வெயில்ல நிண்டு என்னத்தக் காணப்போறாய்? இஞ்சால வா."

"எட்டு வரிசமா என்னை ஏசினது உங்கட ஆக்கள்தானே, மாமி."

"நானும்தான் ஏசின. நல்லா அடிக்கிறவனைத்தானே ஏசுற. தண்ணியக் குடிச்சிட்டு வா."

அண்ணன் குடித்தார். செம்பை அவரே தூக்கிக்கொண்டு மாமிக்குப் பின்னால் தெற்கு வரம்புக்குப் போனார். அந்த வரம்பில் இரண்டு பேர் தள்ளி இருந்து இடம் விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சாகும் வரைக்கும் அந்த வரம்புதான். ரத்தம் இழுத்தது என்று தென்சேரியார் சொல்வது சுத்தப் பொய். ரத்தம் இழுத்திருந்தால் ஆள் அனுப்பிக் கேட்டபோதே போயிருப்பார். வெயிலில் நின்றவரை ஒருவர் வந்து கூப்பிட்டார், போனார்.

மாமியின் மகளை அவர் கட்டினது அதற்கு அடுத்த வருஷம். அதற்கு முன்னால் அவர் அந்தப் பெண்ணோடு பேசினதே கிடையாது. பெண்ணுக்காகப் போனார் என்ற கதையை ஊரில் முதல் சொன்ன வாய் எது தெரியுமா? என்னுடைய வாய். அவருடைய இடத்தில் நின்று விளையாடினவனுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. வேலிக்கு வெளியே நின்ற தம்பி, உன்னுடைய தகப்பனுக்கு அதைச் சொன்னவன் நான்தான்.

இந்த இடத்தில் மகள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய தாயைப் பற்றிய கதை இது. திரும்ப அதை எடுத்துக்கொண்டு, "மறுகா என்ன?" என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன்.

வெள்ளைக்காரனின் பெரிய சண்டை தொடங்கிய வருஷம் அண்ணன் தென்சேரிக்காக இறங்கினார். இரண்டு பக்கத்திலும் பெக்கில் ஒரு தாய்ப் பிள்ளைகள். எங்கள் வரம்பில் நின்றவர்கள் அம்மாவின் பெயரைச் சொல்லி ஏசினார்கள். அது எனக்கும் அம்மாதானே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரம் அண்ணன் பந்தோடு எங்கள் பக்கம் ஏறி வந்தார். நான் பந்துக்குப் போகவில்லை. கணுக்காலுக்குப் போனேன். சத்தம் இரண்டு வரம்புக்கும் கேட்டது. வடசேரியார் என்னைத் தோளில் தூக்கினார்கள்.

தென்சேரியார் பொல்லோடு வந்தார்கள். நிலத்தில் கிடந்தபடியே அண்ணன் சொன்னார்: "அவன் படல்ல. நான்தான் சறுக்கின." முறிவு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வந்து கட்டும்போதும் அதையே சொன்னார். பிள்ளைகள் பிறந்து, ஏனப்பா நொண்டுறீங்கள் என்று கேட்டபோது, வயல் வரம்பில் சறுக்கியது என்றார். இந்த மலரைப் பிடித்திருக்கிற அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அந்த வரம்பைத்தான் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு வரம்பு கிடையாது.

பதினொரு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. தப்புச் செய்தவன் நான், கோபமும் நானே வைத்திருந்தேன். அம்மாவின் பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் ஒரு தோள் குறைந்தது. நொண்டியபடி வந்து பிடித்தார். "மெதுவா நட தம்பி, என்னால ஓடேலா" என்றார். அன்றிலிருந்து பேசினோம். கால் பற்றிப் பேசவில்லை.

அவர் அந்தக் காலோடு உழுதார், விதைத்தார், நான்கு பிள்ளைகளைக் கரையேற்றினார். அடுத்தவனின் வரம்பை ஒரு சாண் வெட்டியவர் என்று எங்கள் வயல் வட்டையில் யாரும் சொல்ல முடியாது. காய்ச்சலில் பிள்ளை போன வடசேரி வீடுகள் மூன்றுக்கும் வருஷா வருஷம் புது நெல்லில் ஒரு மரைக்கால் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கினவர்கள் வாயைத் திறந்து இதைச் சொன்னார்களா? இல்லை.

கடைசி மாசம் அவருக்கு எழும்ப ஏலாது. ஒருநாள் மத்தியானம் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை.

"அண்ணன், அண்டைக்கு நான் வேணுமெண்டுதான் அடிச்ச."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"பந்து இந்தப் பக்கம் கிடக்க நீ அந்தப் பக்கம் வாறாய். தெரியாதா? பெக் எண்டா பந்தைப் பார்க்கோணும். நீ ஒருநாளும் நல்ல பெக் இல்ல." வாய் துடைத்துவிடச் சொன்னார். துடைத்தேன்.

அவரை இரவு பகல் பார்த்த மகள்மாருக்கும், தோளில் தூக்கிப் போன மருமக்களுக்கும், தோணி கொண்டுவந்த தென்சேரி ஆட்களுக்கும், மூன்று நாள் சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. கொடி போர்த்தியவர்களுக்கு, கொடிக்கு நன்றி, வாசித்ததற்கு இல்லை. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மலரைப் பெட்டிக்குள் போட்டு மூடாதீர்கள். வடசேரி வீடு ஒன்றுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். என்னைப் போல எழுத்துத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். அவர் போகவில்லை, நாங்கள் கலைத்தோம் என்று சொல்லுங்கள். கால் வரம்பில் உடையவில்லை என்று சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்பார்கள். உடைத்தவனே சொன்னான் என்று சொல்லுங்கள்.