பன்னிரண்டு புள்ளிச் சொல்

ஆஸ்திரேலியத் துறைமுக ஊரான எங்கள் வாலரூவில் லோர்னா பாஸ்கோவிடம் ஸ்க்ராபிளில் தோற்காதவர் கிடையாது. நான் பத்தொன்பது வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை மதியம் பௌலிங் கிளப்பின் பின்னறையில் கூடும் ஒன்பது பேரில், ஈவிரக்கம் இல்லாமல் ஆடுகிறவள் அவள் ஒருத்திதான். பாதிரியாரை அவருடைய பிறந்தநாளன்றே இருநூறு புள்ளியில் தோற்கடித்துவிட்டு, கேக்கும் இரண்டு துண்டு சாப்பிட்டவள்.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாள். துறைமுகத்துக் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடைபோடும் வேலை, முப்பத்தொரு வருடம். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் அகராதி படிப்பாள். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கணவன் கிளெமிடம் அன்றைய சொல்லை ஒப்பிப்பாள்: என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது, எத்தனை புள்ளி. கடல்பாலத்தில் நண்டு பிடித்துவிட்டு வந்த மனிதர், "சரி, அந்த உப்பை எடு" என்பார். நாற்பத்தாறு வருடம் இப்படியே ஓடியது.

எங்கள் கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. வேறெந்த ஊர்க் கிளப்பிலும் நான் பார்த்ததில்லை. சொல்லை வைத்தவர் அதன் அர்த்தத்தை வாயால் சொல்லவேண்டும், சொன்னால்தான் புள்ளி. கொண்டுவந்தது லோர்னாதான். "அர்த்தம் தெரியாம எழுத்தை அடுக்குறதுக்கு செங்கல் அடுக்கலாம்" என்பாள்.

கிளெம் ஆகஸ்ட்டில் இறந்தார். மூன்று வாரம் கழித்து லோர்னா கிளப்புக்கு வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. நாங்கள் ஆளாளுக்குக் கையைப் பிடித்து "உன் இழப்பு, உன் இழப்பு" என்று முணுமுணுத்தோம். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள்.

ஆட்டத்தின் முடிவில் எழுத்துக்கட்டைப் பை காலி. அவள் இருபத்தொன்பது புள்ளி முன்னால். என்னிடம் நான்கு கட்டைகள்: டபிள்யூ, ஐ, டி, இன்னொரு டபிள்யூ. பலகையின் ஓரத்தில் ஒரு ஓ தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. 'விடோ' என்ற சொல்லைக் கண் தானாகப் பார்த்துவிட்டது. வெறும் பன்னிரண்டு புள்ளிச் சொல்; அந்த இடத்தில் மும்மடங்கு, முப்பத்தாறு. கட்டையும் தீரும், ஆட்டமும் என்னுடையது. பிரிதல், வெறுமையாதல் என்ற பழைய வேரிலிருந்து வந்தது, நம் 'விதவை'க்கும் அதே வேர்தான் என்று முன்பொருநாள் எனக்குச் சொன்னதே லோர்னாதான். நான் வளர்ந்த வீட்டில் அந்தச் சொல்லை ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொன்னால் பல்லை உடைத்திருப்பார்கள்.

ஐயையும் டியையும் எடுத்து வேறொரு மூலையில் வைத்தேன். மூன்று புள்ளி.

"எடு அதை" என்றாள் லோர்னா.

"ஏன், சரியான சொல்தானே?"

"ரெண்டு டபிள்யூவும் இன்னும் வெளிய வரல. என் கையில இல்ல. அப்போ யார்கிட்ட இருக்கு?" வந்த எழுத்தையெல்லாம் அடித்துக்கொண்டே வந்த தாளை என் பக்கம் தள்ளினாள். இவள் கணக்கு வைப்பாள் என்பதைப் பத்தொன்பது வருடம் தோற்றவள் மறந்துபோனேன். புத்தி கெட்டவள்.

"கவனிக்கல, லோர்னா."

"பொய் சொல்லாத, கண்ணு. உனக்கு அது வராது. மூணு வாரமா ஊரே எனக்குக் கறி சுட்டுக் கொண்டாந்து வைக்குது. கடையில வரிசையை விட்டு வழி விடுறாங்க. நீயுமா விட்டுக்குடுக்குற? வை."

வைத்தேன். நான்கு கட்டையும், அந்த ஓவைச் சேர்த்து.

"அர்த்தம்?"

"அச்சுக்கூடத்துல... பக்கத்தோட தலையில தனியா நிக்கிற, பத்தியோட கடைசி வரி."

"அது ரெண்டாவது. முதல் அர்த்தம்."

மற்ற மேஜைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

"புருஷன் செத்துப்போன பொம்பள" என்றேன்.

லோர்னா முப்பத்தாறு என்று என் பெயருக்குக் கீழே எழுதினாள். தன்னிடம் மிஞ்சிய இரண்டு கட்டைகளுக்கு நான்கு புள்ளியும் எனக்கே சேர்த்தாள். பதினொன்றில் தோற்றிருந்தாள். பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"மூணு வாரமா ஒருத்தரும் அந்த வார்த்தையைச் சொல்லல" என்றாள். "இழப்புங்கறாங்க. போயிட்டார்ங்கறாங்க. எங்க போனான்னு நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன். நேத்துகூட ரெண்டு தட்டு எடுத்து வெச்சேன்."

பென்சில் முனையால் பலகையில் நான் வைத்த சொல்லைத் தொட்டாள்.

"செத்துட்டான், இல்ல?"

"ஆமா, லோர்னா. கிளெம் செத்துட்டார்."

அவள் தலையாட்டினாள். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டாள்.