புதன்கிழமை வந்து இறங்கினோம்

என் மகன் தபால்பெட்டியைத் திறந்துவிட்டு வந்தால், "இவ்வளவுதானா? உள்ளே கையை விட்டுப் பார்த்தியா?" என்று இரண்டு தடவை கேட்பேன். "தட்ஸ் இட், ம்மா" என்பான். பதினொரு வயது. அந்த வயதில் நான் செய்தது அவனுக்குத் தெரியாது.

2002 கோடையில் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து சுவீடனுக்குப் போனோம். யோன்ஷோப்பிங் என்ற ஏரிக்கரை நகரத்தில் வாப்பாவின் தம்பி, என் சாச்சா, வேலை பார்த்தார். எங்கள் அமெரிக்க விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தது; வெளிநாட்டிலுள்ள தூதரகம் ஒன்றில் புதுப்பிக்க வேண்டும். பக்கத்து பிளாக் அங்கிள்தான் யோசனை சொன்னார்: "சென்னைன்னா க்யூவுல நின்னு காலு போயிடும் பாய். ஸ்டாக்ஹோம்ல ஈ ஓட்டிட்டு இருக்கான். ரெண்டே நாள்ல ஸ்டாம்ப் பண்ணிக் குடுத்துருவான்." தம்பியையும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று வாப்பா கிளம்பினார்.

ஸ்டாக்ஹோம் விசா அலுவலகத்தில் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாப்பாவின் பெயரைச் சரிபார்க்க வேண்டுமாம். இரண்டு வார விடுமுறை ஏழு வாரமானது.

"உனக்கு ஏரி புடிச்சிருக்குல்ல? அதான் லீவை எக்ஸ்டெண்ட் பண்ணிட்டேன்" என்றார் வாப்பா. நான் நம்பினேன். கடல் மாதிரி கிடந்த ஏரி, ஓட்டிக்கொள்ள சாச்சாவின் சைக்கிள், இரவுச் சாப்பாடு முடிந்தும் போகாத வெயில். வாப்பா தினமும் கரையோரம் வேகவேகமாக நடப்பார். அவருக்கும் ஏரி பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கதவிலிருந்த தபால் துளை வழியாக ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. அதைக் காட்டினால், தபால் ஆபீஸ் வேலையையும் பார்க்கும் மூலைக்கடையில் பாஸ்போர்ட் தருவார்கள், அன்றைக்கே பிளெய்ன்ஸ்பரோவுக்குக் கிளம்பிவிடலாம் என்று உம்மா சொல்லியிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சீட்டை மடித்து சைக்கிளின் பஞ்சர் பையில் செருகினேன்.

மூன்றாம் நாள், "திங்கக்கெழம ஆபீஸ்ல நிக்கலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாம்டா" என்று வாப்பா சாச்சாவிடம் சொன்னார். பிறகு தனியாகக் கரைக்குப் போனார். பின்னாலேயே சைக்கிளில் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை. சீட்டை எடுத்து நீட்டினேன்.

அதிலிருந்த தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் இங்கேயே இருக்கலாம் வாப்பா" என்றேன்.

வீட்டுச் செருப்போடு கடையை நோக்கி ஓடினார். உம்மாவிடம், "இப்பத்தான் வந்துச்சு" என்றார். தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு.

திங்கட்கிழமைக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. புதன்கிழமைதான் வந்து இறங்கினோம். வாப்பாவின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

அடுத்த வேலை நாட்டின் மறுகோடியில், சான்டா கிளாராவில் கிடைத்தது. பள்ளிக்கூடத்தையும் சிநேகிதிகளையும் விட்டுவிட்டு வந்த கோபத்தில், "எல்லாம் உங்களாலதான்" என்று வாப்பாவிடம் கத்தினேன்.

"ஆமாம்மா, என்னாலதான்" என்றார், பெட்டியைப் பிரித்துக்கொண்டே.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்கக்கூட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அப்புறமும் ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.