பார்க்க மட்டும்

சுபத்ராவுக்குச் சேலையூரில் முதல் மாடி வீடு. கேம்ப் ரோட்டுப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் பல வருட வேலை. தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். அந்த டிசம்பர் புயலைப் பற்றிக் கேட்டால் மட்டும் உட்கார்ந்து சொல்வாள். அப்போதும் மற்றவர்களின் பெயர்தான் அதிகம் வரும்.

இரண்டு நாள் மழையில் முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சேலையூரில் மின்சாரம் இருந்தது. பள்ளிப் பெற்றோர் பலர் அவள் எண்ணை வைத்திருந்ததால் போன் ஓயவில்லை. யாருக்குப் படகு வேண்டும், யாருக்குப் பால், மாத்திரை வேண்டும் என்று லேப்டாப்பில் ஒரு கூகுள் ஷீட் திறந்து எழுதத் தொடங்கினாள். யார் வேண்டுமானாலும் சேர்க்கட்டும் என்று அதன் லிங்கை வாட்ஸ்அப்பில் போட்டாள். அது ஊர் முழுக்கப் பரவியது.

முடிச்சூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சிட்டிபாபு எங்கிருந்தோ ஒரு படகைக் கொண்டுவந்திருந்தார். முகம் தெரியாத அவருக்கு சுபத்ராதான் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். நித்யஸ்ரீ என்ற பெண், பிறந்து சில நாளே ஆன குழந்தையோடு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் போன் அணைந்துவிட்டது. ஷீட்டில் இருந்த முகவரிக்கு சிட்டிபாபுவை அனுப்பினாள் சுபத்ரா.

மதியம் அவர் கூப்பிட்டார். "அக்கா, நீ சொன்ன வூட்ல பூட்டு தொங்குது. முந்தாநாளே ஊருக்குப் போய்ட்டாங்களாம். புள்ள பெத்த பொண்ணு எங்கக்கா கீது?"

சுபத்ரா ஷீட்டைப் பார்த்தாள். எல்லா முகவரியும் மாறிக் கிடந்தது. அதே நேரம் ஷீட்டின் ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'முகவரிப் பத்தியை மட்டும் யாரோ அகர வரிசையில் மாற்றிவிட்டார்கள்; ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் முகவரி நிற்கிறது. உடனே கூப்பிடுங்கள். ஹர்ஷா, வண்டலூர்.' கீழே எண்.

கூப்பிட்டாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையனின் குரல். "மேடம், ஒண்ணும் அழிஞ்சு போகல. ஃபைல் மெனுல வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கு பாருங்க, பழைய பிரதி எல்லாம் அதுல இருக்கும். காலைல சரியா இருந்ததைத் திறந்து ரீஸ்டோர் குடுங்க."

"அதுக்கப்புறம் சேர்த்த ஆளுங்க?"

"நான் எடுத்து வச்சிருக்கேன். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி அட்ரஸைக் கேட்டு அனுப்பறேன். முதல்ல ஷேர் பட்டனைத் தட்டுங்க. லிங்க் இருக்கறவங்க எல்லாரும் எடிட்டர்னு இருக்கா? அதை வ்யூவர்னு மாத்திடுங்க. எல்லாரும் பாக்கலாம், யாரும் கை வைக்க முடியாது."

அவள் மாற்றினாள். பழைய ஷீட் திரும்ப வந்தது. நித்யஸ்ரீயின் சரியான தெருவை சிட்டிபாபுவிடம் இரண்டு முறை சொன்னாள்.

சற்று நேரத்தில், அதுவரை ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்த அவள் காலனிச் செயலாளர் தோத்தாத்ரி போன் செய்தார். "என்னம்மா, எனக்குமா பாக்க மட்டும்? என் மேல நம்பிக்கை இல்லையா?"

"அப்படி இல்ல சார். தெரியாம ஒரு விரல் பட்டாலே படகு வேற தெருவுக்குப் போயிடுது. நீங்க என்கிட்ட சொல்லுங்க, நான் எழுதறேன். ஹர்ஷான்னு ஒரு பையன் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி அட்ரஸ் கேட்டுட்டிருக்கான்."

பிறகு அவர், "சரி, ஹர்ஷா பேசறதுல பாதி பேரை எனக்குக் குடு. நான் பேசறேன்" என்றார். சாயங்காலம் வரை பேசிக்கொண்டே இருந்தார்.

இருட்டுவதற்குள் சிட்டிபாபு கூப்பிட்டார். "அக்கா, வந்துட்டாங்க! கொழந்த என் துண்டுலதான் தூங்கிகினு கீது." சுபத்ரா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

தண்ணீர் வடிந்ததும், இத்தனை குடும்பங்களின் போன் நம்பர் ஊர் பார்க்கக் கிடக்க வேண்டாம் என்று லிங்கையே மூடிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வண்டலூர் போய் ஹர்ஷாவையும் அவன் மனைவி வினிதாவையும் பார்த்தாள். கொண்டுபோன அதிரசத்தை நீட்டினாள்.

"பெரிய விஷயமே இல்ல மேடம்" என்றான் அவன்.

"உனக்கு அப்படித்தான் இருக்கும்ப்பா" என்றாள் சுபத்ரா. "அன்னிக்கு நீ அந்த ஷீட்டைப் பாத்துட்டு, நமக்கென்னன்னு மூடிட்டுப் போயிருக்கலாம். போகலையே."