மாற்றி வாசித்த வாக்குத்தத்தம்

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த சின்ன அட்டைகளைப் பித்தளைத் தட்டில் கவிழ்த்து வைத்துக்கொண்டு போதகர் நிற்பார். பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்கென்று தரும் வார்த்தை அது. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைப்பார்கள்.

போன வருஷம் வரிசையில் எனக்குப் பின்னால் என் சித்தப்பா மகன் நின்றான். என்னைவிட ஒரு வயது இளையவன். ஐந்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, நன்னிலம் பக்கம் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நெல் போட்டிருந்தான். நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன். அரசு வேலைக்கான தேர்வை மூன்றாம் முறை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். இந்தத் தடவையும் இல்லையென்றால் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போவது என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது.

எனக்கு வந்தது, பொறுமையோடு காத்திருக்கச் சொல்லும் வசனம். மூன்று வருஷமாக நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

வெளியே வந்ததும் அவன் தன் அட்டையை நீட்டினான். "எழுத்து பொடிசா இருக்குண்ணே. எனக்கு என்னா வந்திருக்குன்னு பாத்துச் சொல்லு."

மூடிய வாசலைக் கடவுள் திறப்பார், அதை ஒருவராலும் பூட்ட முடியாது என்று இருந்தது. எனக்கென்றே எழுதியது போலிருந்தது. நெல் போடுகிறவனுக்கு எந்த வாசல் திறக்க வேண்டும்?

இரண்டு அட்டைகளும் என் கையில் இருந்தன. என்னுடையதை வாசித்தேன். வாசித்ததையே அவனிடம் கொடுத்தேன்.

"காத்திருக்கணுமா? சரிதான்," என்றான். "கதிரு முத்துற வரைக்கும் காத்துத்தானே கெடக்கணும். ஆண்டவருக்கும் வெவசாயம் தெரியும் போல."

சிரித்துக்கொண்டே அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நானும் சிரித்தேன்.

அவன்மேல் எனக்கிருந்த பொறாமை அன்று தொடங்கியது அல்ல. அதற்கு முந்தின வருஷம் சித்தப்பா இறந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் வேதபாடம் வாசிக்கப் போதகர் என்னைத்தான் கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் தடுமாறாமல் வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். இயேசு மரித்து எழுந்தார், ஆகவே அவருக்குள் மரித்தவர்களும் எழுவார்கள் என்ற பகுதியை ஏற்ற இறக்கத்தோடு நிறுத்தி வாசித்தேன். நன்றாக வாசித்தாய் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். எனக்கோ, என் வாயிலிருந்து வந்த ஒரு வரியும் உள்ளே இறங்கவில்லை. எதிரே அவன் கையில் பிடி மண்ணோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அழுதான். ஆனால் ஊருக்குப் போகும் ஒருவரைப் பஸ் ஏற்றிவிட வந்தவனைப் போல அழுதான். வாசித்தவன் நான், அது போய்ச் சேர்ந்தது அவனிடம். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொங்கல் கழிந்த வாரத்தில் பருவம் தவறிய மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. அறுப்புக்கு நின்ற பயிர் சாய்ந்து தண்ணீரில் கிடப்பதாக அம்மா வந்து சொன்னாள். முதலில் என் மனதில் எழுந்தது இரக்கம் அல்ல. அவனுக்கும் ஒன்று கைநழுவுகிறது என்ற நிம்மதி. அடுத்த நிமிஷமே கண்ணாடி ஓரத்தில் செருகியிருந்த அவன் அட்டை கண்ணில் பட்டது. அவனுக்கு வந்த நல்ல வார்த்தையை எடுத்துக்கொண்டது நான். கதிரிலேயே நெல் முளைத்து வீணாகிப் போனால் அந்தப் பழி யாருக்கு?

அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். அவன் வரப்பை வெட்டி வடிகாலுக்குத் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஒன்னோட அட்டை இது. அன்னிக்கு மாத்திக் குடுத்திட்டேன்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

மண்வெட்டியை ஊன்றி என்னைப் பார்த்தான். கோபம்தான். "படிச்சதுக்கு நல்ல உபயோகம்," என்றான். மறுபடி குனிந்து நாலு வெட்டு வெட்டினான். பிறகு, "சரி, என்னா போட்டிருக்கு? இப்பவாச்சும் ஒழுங்கா வாசி," என்றான்.

வாசித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. நீயே வச்சுக்க. பரிச்சை எழுதுனவன் நீதானே."

"பயிரெல்லாம் போயிடுச்சேடா. இது ஒனக்கு வந்ததுடா."

"அட்டைய நம்பியா விதைச்சேன்? நீ குடுத்த அட்டையே எங்க போச்சுன்னு தெரியல. சட்டையோட தொவைச்சிட்டா எம் பொண்டாட்டி."

"பின்ன எத நம்பித்தான்டா இந்தத் தண்ணிய வடிக்கிறே?"

எனக்கே அந்தக் கேள்வியில் சண்டைக்கு இழுக்கும் தொனி கேட்டது. அவன் நெற்றி நீரைப் புறங்கையால் வழித்தான்.

"அப்பாவுக்கு மண்ணு போட்ட அன்னிக்கு நீ வாசிச்சியேண்ணே. ஆண்டவரு எந்திரிச்சாரு, அதனால அப்பாவும் எந்திரிப்பாருன்னு. அது உண்மைன்னா பாக்கியெல்லாம் அதுக்குள்ள வந்துடும். பொய்யின்னா எந்த அட்டையும் எனக்கு வேணாம். அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

"பயமா இல்லையா?"

"இல்லாம? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. பயம் அது பாட்டுக்கு இருக்கு. நீ சும்மாதானே நிக்கிறே, அந்த மம்பட்டிய எடு. புடிக்கத் தெரியும்ல?"

எனக்கு வேலை கிடைக்கும் என்பதைத்தான் அதுவரை நான் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கிடைக்காவிட்டால் அது அன்றோடு தீர்ந்துவிடும். அவனுடையது விளைச்சலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றின்மேல் நின்றது. என் சொந்தக் குரலில் அதைக் கேட்டு அவன் எடுத்துக்கொண்டான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. அப்போதும் அவன் வயலில்தான் இருந்தோம். வரப்பில் கைகழுவிவிட்டுப் போனில் பார்த்தேன். என் எண் இல்லை.

"என்னாண்ணே?"

"இல்ல."

அவன் வசனம் எதுவும் சொல்லவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனை அடித்திருப்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மண் பிடித்த கையை என் முதுகில் வைத்தான். பிறகு, "கீழ்மூலைல இன்னும் தண்ணி நிக்குது," என்றான்.

பாதிப் பயிர் பிழைத்தது. நான் திருப்பூருக்கு வந்துவிட்டேன். அட்டை என் வேதாகமத்தில் இருக்கிறது, ஆனால் நான் திருப்பித் திருப்பித் திறப்பது அந்தப் பக்கத்தை அல்ல. சித்தப்பாவுக்காக வாசித்த பகுதியை, அறையில் யாரும் இல்லாதபோது, ஏற்ற இறக்கம் இல்லாமல் சத்தமாக வாசிக்கிறேன். அவன் காதுக்கு அது எப்படிக் கேட்டதோ, அப்படி ஒருமுறையாவது எனக்கும் கேட்க வேண்டும். பொறாமையால்தான் வாசிக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.